கென்யாவின் மௌ மௌ: செத்தவர்கள் 11,503 பேரா, 50,000 பேரா, 3 லட்சமா?

மாங்குயில் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சிற்றிதழுக்காக மௌ மௌ எழுச்சி (1950-களில் கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் பெரும்பாலும் கிக்குயு மக்கள் நடத்திய ஆயுதப் போராட்டம்) பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, சாவு எண்ணிக்கை. 1952 அக்டோபர் 20 அன்று ஆளுநர் ஈவ்லின் பேரிங் நெருக்கடி நிலை அறிவிக்கிறார். 1960 ஜனவரியில் விலக்குகிறார்கள். இந்த ஏழு வருஷத்தில் கொல்லப்பட்ட போராளிகள் 11,503 என்பது அரசுக் கணக்கு. நான் மொழிபெயர்க்கும் கட்டுரையோ 'மூன்று லட்சம் வரை' என்கிறது. வேறொரு இடத்தில் 50,000 என்று பார்த்தேன். கடைசி இலக்கம் வரைக்கும் துல்லியமாக ஒரு எண், இன்னொன்று அதற்கு இருபத்தைந்து மடங்கு. எதைப் போடுவது?

இரண்டாவது, 'ஸ்குவாட்டர்' என்ற சொல். நான் 'ஆக்கிரமிப்பாளர்' என்று போட்டேன். இதழாசிரியர் அதை அடித்துவிட்டு 'புறம்போக்கில் குடியேறியவர்' என்று மாற்றினார். இரண்டுமே இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

வைகைக்கரை

இதுல குழம்ப என்ன இருக்கு? அடிச்சவனே எழுதி வச்ச கணக்கு 11,503. நம்ம ஊர் ஜாலியன்வாலாபாக்குக்கும் அவன் ஒரு கணக்கு கொடுத்தான். மூணு லட்சம்னே போடுங்க. குறைச்சுப் போட்டா வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்கற மாதிரி ஆகிடும்.

பழைய கணக்கர்

வைகைக்கரை தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இந்த மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு அப்புறம் சண்டை போடலாம்.

ஹார்வர்ட் வரலாற்றாசிரியர் கரோலின் எல்கின்ஸ் 2005-இல் வெளியிட்ட நூலில் வருவது இது. 1948-இலும் 1962-இலும் கென்யாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அந்த இடைவெளியில் கம்பா, லுவோ, லுஹ்யா மக்கள் எவ்வளவு பெருகினார்களோ அதே வேகத்தில், எழுச்சியில் இருந்த கிக்குயு, எம்பு, மேரு மக்களும் பெருகியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 1,30,000 முதல் 3,00,000 பேர் வரை கணக்கில் குறைகிறார்கள். 'கணக்கில் வராதவர்கள்' என்றுதான் அவர் சொன்னார். பிணத்தை எண்ணிச் சொன்ன எண் அல்ல அது.

இதில் எங்கே ஓட்டை? ஒரு மனக்கணக்கு போடுங்கள். 1948-இல் கிக்குயு மக்கள் சுமார் 10 லட்சம். ஆண்டுக்கு 3 சதவீதம் பெருகினால் 14 வருஷத்தில் 15.1 லட்சம். 2.5 சதவீதம் என்றால் 14.1 லட்சம். அரை சதவீதம் தவறாக வைத்தால் ஒரு லட்சம் பேர் காணாமல் போகிறார்கள், அல்லது திரும்பி வருகிறார்கள். பிள்ளைப்பேறு, குழந்தைச் சாவு, பிழைப்புக்கு இடம் பெயர்வது எல்லாம் இனத்துக்கு இனம் வேறு. முதல் கணக்கெடுப்பில் ஒரு மாவட்டத்தில் வீடுகள் விட்டுப்போயிருந்தாலே போதும், கதை மாறிவிடும்.

கென்யாவிலேயே மக்கள்தொகைப் பணியில் இருந்த ஜான் பிளாக்கர் 2007-இல் வேறு வழியாகப் போனார். கணக்கெடுப்புகளில் பெண்களிடம் 'எத்தனை பெற்றீர்கள், எத்தனை பிழைத்தன' என்று கேட்பார்கள். அந்தப் பதில்களிலிருந்து இறப்பு விகிதத்தை நேராகவே கணக்கிடலாம். அவருக்குக் கிடைத்தது: வழக்கத்துக்கு மேற்பட்ட சாவுகள் சுமார் 50,000. அதில் பாதிப்பேர் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்றால் என் கை பிளாக்கர் பக்கம்தான் போகும்.

வைகைக்கரை

ஐயா, பாதி குழந்தைங்களா? இதை ஏன் யாரும் தலைப்புல போடல?

நைரோபிவாசி

பதினோரு வருஷமா இங்கே இருக்கேன், கணினி வேலை. வரலாறு என் துறை இல்லை, ஆனா இந்த ஊர்ல நடந்தாலே வரலாறு காலில் இடறும்.

குழந்தைச் சாவு எப்படின்னு கேட்டீங்கன்னா, 'கிராமமாக்கல்' பற்றிப் படிக்கணும். 1954-55-ல பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிக்குயு மக்களை அவங்கவங்க மேட்டு நிலத்து வீடுகள்ல இருந்து கிளப்பி 800-க்கு மேற்பட்ட கம்பி வேலிக் கிராமங்கள்ல அடைச்சாங்க. கிக்குயு ஊர் நம்ம ஊர் மாதிரி தெருவும் வீடுமா இருக்காது. ஒவ்வொரு குடும்பமும் தன் சரிவில் தனியா இருக்கும். விட்டு வந்த வீட்டைக் கொளுத்திட்டாங்க. ஆம்பளைங்க நிறையப் பேர் தடுப்பு முகாம்ல. பொம்பளைங்க பகல் முழுக்க அகழி வெட்டணும். கென்யா மலைக் காட்டோரமா 50 மைல் நீளத்துக்கு ஒரு அகழி, அடியில கூர் சீவின மூங்கில் முளைகள். காட்டுல இருக்கற போராளிகளுக்குச் சாப்பாடு போகக்கூடாதுங்கறதுக்காக. சொந்தக் காட்டுல கிழங்கு தோண்டப் போறதுக்கே நாளைக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் அனுமதி. மீறினா ஊரடங்குச் சட்டம்.

பட்டினி, நெரிசல், காய்ச்சல். துப்பாக்கியால சாகற குழந்தை 'கொல்லப்பட்ட போராளி' பட்டியல்ல வராது, சரி. காய்ச்சல்ல சாகற குழந்தை எந்தப் பட்டியல்லயும் வராது.

மாங்குயில்

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் போல. அப்படியென்றால் 11,503 என்பது பொய்கூட இல்லை, கேள்வியே வேறு. ஆயுதம் ஏந்தியவர் எத்தனை பேரைச் சுட்டோம் என்ற கேள்விக்கான பதில் அது.

வேம்பு

அதுவும் முழுசாக இல்லை. வரலாற்றாசிரியர் டேவிட் ஆண்டர்சன் கணக்கு 20,000-ஐத் தாண்டுகிறது, போராளிகள் மட்டும். தூக்கிலிட்டவர்கள் தனியாக 1,090 பேர். இந்த 1,090 உறுதியான எண். காரணம், அவர் நைரோபி ஆவணக்காப்பகத்தில் கிடந்த விசாரணைக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கொலைக்கு மட்டும் தூக்கு இல்லை. மௌ மௌவில் சேரும் உறுதிமொழியைச் செய்துவைத்தால் தூக்கு, தோட்டா வைத்திருந்தால் தூக்கு, ஆயுதம் வைத்திருப்பவரோடு சேர்ந்து திரிந்தால் தூக்கு.

ஆனால் இந்த இழை ஒரே பக்கமாகச் சாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மௌ மௌ கொன்ற வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். மௌ மௌவினர் கொன்ற ஆப்பிரிக்கக் குடிமக்கள் அரசுக் கணக்கிலேயே 1,800-க்கு மேல். பெரும்பாலும் சொந்த இனத்தார். லாரி படுகொலையைப் பற்றி உங்கள் கட்டுரை என்ன சொல்கிறது மாங்குயில்?

மாங்குயில்

ஒரே வரி: 'லாரியிலும் வன்முறை நிகழ்ந்தது'. நானே முதலில் அதைச் சரக்கு லாரி என்று நினைத்தேன் :(

வேம்பு

அந்த ஒரு வரிக்குள் கென்யாவின் அரை நூற்றாண்டு இருக்கிறது. லாரி ஊர்ப் பெயர். 1953 மார்ச் 26 இரவு, லூக்கா வக்கஹங்காரா என்ற தலைவரையும் அவர் ஆட்களின் குடும்பங்களையும் மௌ மௌவினர் வெட்டிக் கொன்று வீடுகளைக் கொளுத்தினார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. மறுநாளே பிரிட்டிஷ் செய்தித் துறை படங்களோடு உலகம் முழுக்கப் பரப்பியது: 'பார்த்தீர்களா காட்டுமிராண்டிகளை'.

ஏன் லூக்கா? ஆண்டர்சன் அந்த வழக்குக் கோப்புகளிலிருந்து எடுத்துக் காட்டுவது நிலத் தகராறு. டிகோனி என்ற இடத்தை வெள்ளைக்காரர் பண்ணைகளுக்காகக் காலி செய்யச் சொன்னார்கள். பதிலுக்கு லாரியில் நிலம். பலர் மறுத்தார்கள், லூக்கா ஒத்துக்கொண்டு போனார். போனவர்களுக்கு நிலம், மறுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. பதினைந்து வருஷத்துக் கோபம் ஒரு ராத்திரியில் வெளியே வந்தது. அப்புறம் விடிவதற்குள் இரண்டாவது படுகொலை. ஊர்க்காவல் படையும் போலீசும் பழிவாங்கப் புறப்பட்டுக் கண்ணில் பட்டவர்களைச் சுட்டார்கள். செத்தவர் அதில் இன்னும் கூடுதலாக இருக்கலாம். அந்தப் படங்களில் எந்தப் பிணம் எந்தப் படுகொலையினுடையது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

எல்கின்ஸ் நூல் வந்தபோது கென்யாவின் மூத்த வரலாற்றாசிரியர் பெத்வெல் ஓகோட் எழுதிய மதிப்புரை இதைத்தான் பிடித்தது: மௌ மௌ செய்த வன்முறைக்கு அதில் இடமே இல்லை என்று. அவரை வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குபவர் என்று சொல்லிவிட முடியாது. 'ஆப்பிரிக்காவுக்கு எழுத்து இல்லை, அதனால் வரலாறும் இல்லை' என்று சொன்ன காலத்தில், லுவோ மக்களின் வாய்மொழி மரபை வைத்தே வரலாறு எழுதிக் காட்டியவர்.

நைரோபிவாசி

வேம்பு சொல்றது சரி. ஆனா எல்கின்ஸை அவ்வளவு லேசா ஒதுக்கிட முடியாது. அவங்க புத்தகம் வந்தப்போ முக்கியமான குற்றச்சாட்டு எண்ணிக்கை பற்றி மட்டும் இல்லையே. 'கிழவன் கிழவி சொன்னதை எல்லாம் வரலாறுன்னு எழுதிட்டாங்க'ங்கறதும்தான். முகாம்ல இருந்த சுமார் 300 பேரைப் பேட்டி எடுத்தாங்க. முகாம் பற்றிய கோப்புகளைத் தேடினா ஆவணக்காப்பகத்துல குறையுது, லண்டன்லயும் குறையுது. கோப்பு இல்லைன்னா நடக்கலைன்னு ஆகிடுமா?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2009-ல, முகாம்ல சித்திரவதைப்பட்ட ஐந்து முதியவர்கள் பிரிட்டிஷ் அரசு மேல லண்டன்ல வழக்கு போடறாங்க. எல்கின்ஸ், ஆண்டர்சன், ஹியூ பென்னட் மூணு பேரும் வரலாற்று வல்லுநர் சாட்சிகள். சுதந்திரத்துக்கு முன்னாடி கென்யாவிலிருந்து விமானத்துல கோப்புகள் போயிருக்கு, அதை நாங்க இன்னும் பார்க்கலைன்னு ஆண்டர்சன் பழைய கடிதப் போக்குவரத்தை வச்சு எழுதிக் கொடுத்தார். 2011-ல வெளியுறவு அமைச்சகம் ஒத்துக்கிச்சு. பக்கிங்ஹாம்ஷயர்ல ஹான்ஸ்லோப் பார்க்னு ஒரு பாதுகாப்பு வளாகம். அதுக்குள்ள கென்யாக் கோப்பு மட்டும் 300 பெட்டி, சுமார் 1,500 கோப்பு. 37 முன்னாள் காலனிகளுக்கும் சேர்த்து சுமார் 8,800.

அதுக்குள்ள என்ன இருந்ததுன்னா, கிழவிங்க சொன்னது இருந்தது.

ஈப்போ மலர்

அந்த 37-இல் எங்கள் மலாயாவும் உண்டு. இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே.

'கிராமமாக்கல்' மலாயாவிலிருந்து போன சரக்கு. 1950-இலிருந்து இங்கே, கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க ஜெனரல் பிரிக்ஸ் போட்ட திட்டத்தில், ஐந்து லட்சம் பேர் வரை வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குப் போனார்கள். பெரும்பாலும் சீனர்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகத் திரட்டி வேலி போட்டார்கள், அதில் நம்மவர்களும் இருந்தார்கள். என் பாட்டி 'கம்பிக்குள்ள இருந்தப்ப' என்றுதான் காலம் சொல்வார். சமைத்த சோறு வேலி தாண்டக் கூடாது, அரிசி அளந்துதான் கிடைக்கும் என்பார். 1953-இல் கென்யா அரசு தாமஸ் ஆஸ்க்வித் என்ற அதிகாரியை மலாயாவுக்கு அனுப்பி முகாம்களைப் பார்த்துவரச் சொன்னது. அவர் நல்லெண்ணத்தோடு மறுவாழ்வுத் திட்டம் எழுதினார். அது கென்யா போய் என்ன ஆயிற்று என்பது மேலே நைரோபிவாசி எழுதியதுதான்.

வைகைக்கரை

அந்தப் பெட்டிகள்ல அப்படி என்னதான் எழுதி வச்சிருந்தாங்க? யாராவது ரெண்டு உதாரணம் சொல்லுங்களேன்.

வேம்பு

1957-இல் கென்யாவின் தலைமை அரசு வழக்கறிஞர் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ் ஆளுநருக்கு எழுதியது. முகாமில் அடிப்பதை எப்படிச் சட்டத்துக்குள் கொண்டுவருவது, உடம்பில் எங்கே அடிக்கலாம் எங்கே கூடாது, அடிப்பவர் நிதானமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டு ஒரு வரி: பாவம் செய்வதென்றால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும்.

சத்தம் கேட்டுவிட்டது. 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த 11 கைதிகளைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். தண்ணீர் வண்டியிலிருந்து தண்ணீர் குடித்த பிறகு இறந்தார்கள் என்று அரசு அறிக்கை விட்டது. பிணப் பரிசோதனையில் பொய் உடைந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்துப் பேசியவர்களில் ஈனக் பவல் ஒருவர். ஆம், பிரிட்டனுக்குக் குடிவந்தவர்களை எதிர்த்துப் பேசிப் பின்னால் பேர்பெற்ற அதே பவல். மனிதர்கள் விசித்திரம்.

பழைய கணக்கர்

எனக்கு அதைவிட வியப்பு, கோப்புகளை அழிக்கப் போட்ட உத்தரவுகள். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு கட்டியவனுக்கு அது புரியும். 1961-இல் காலனித் துறை அமைச்சர் இயன் மெக்லியோட் போட்ட உத்தரவுப்படி, அரசியாரின் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் புது அரசின் கையில் போகக் கூடாது. கோப்புகளை இரண்டாகப் பிரித்தார்கள்: புது அரசுக்குக் கொடுக்கலாம் என்பவை, கொடுக்கக் கூடாது என்பவை. இரண்டாவது வகையில் சிவப்பு முத்திரை. ஐரோப்பிய வம்சாவளிப் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கும் ஊழியர் மட்டுமே தொடலாம். எரித்தால் சாம்பலை நொறுக்கிவிட வேண்டும். கடலில் போட்டால் பெட்டியில் பாரம் கட்டிக் கரையிலிருந்து தள்ளி, ஆழமான நீரோட்டமில்லாத இடத்தில் போட வேண்டும். எடுத்த கோப்பின் இடம் காலியாகத் தெரிந்தால் அங்கே பொய்க் கோப்பு ஒன்றை வைக்க வேண்டும்.

ஒரு குமாஸ்தா இதையெல்லாம் செய்து முடித்து, 'அழிக்கப்பட்டது' என்று சான்றிதழும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் பாருங்கள். அந்தச் சான்றிதழ்கள் எரியவில்லை.

வைகைக்கரை

ஐயா, இப்ப நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க. கோப்பை எரிச்சவன் கணக்கை எப்படி நம்பறது? மூணு லட்சம்!

பழைய கணக்கர்

வரவில்லை. எரித்தார்கள் என்பதால் 11,503-ஐ நம்ப மாட்டேன். அதற்காக மூன்று லட்சத்தை நம்பவும் மாட்டேன். எரிந்த கோப்பில் நான் விரும்பிய எண்தான் இருந்தது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இன்னொன்றும் பாருங்கள். முகாமில் இருந்தவர்களும் கிராமத்தில் இருந்த பெண்களும் சித்திரவதை நடந்தது, பிள்ளைகள் செத்தன என்றார்கள். கோப்பு வந்தபோது சித்திரவதை உறுதியானது. பிளாக்கரின் கணக்கில் பிள்ளைகள் செத்தது தெரிகிறது. அந்தக் கணக்குக்கு மூலமும் பெண்கள் சொன்ன பதில்தானே, 'எத்தனை பெற்றாய், எத்தனை இருக்கிறது'. நாட்டுக்கே மொத்தம் எத்தனை என்று எந்தக் கிழவியும் சொல்லவில்லை. அது புத்தகம் எழுதியவர் போட்ட கணக்கு.

நெறியாளர்

வைகைக்கரை, வேம்புவைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசிப் பதிவின் முதல் வரியை நீக்கியிருக்கிறேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

வைகைக்கரை

சரிங்க. வேம்பு, மன்னிச்சுக்கோங்க.

வேம்பு

பரவாயில்லை. மாங்குயிலின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன்.

'ஆக்கிரமிப்பாளர்' ஏன் இடிக்கிறது என்றால், கென்யாவில் ஸ்குவாட்டர் யாருடைய நிலத்தையும் ஆக்கிரமிக்கவில்லை. பிளவுப் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரனுக்குப் பெரும்பண்ணை இருந்தது, உழைக்க ஆள் இல்லை. கிக்குயு குடும்பங்கள் ஒப்பந்தத்தோடு குடியேறின: வருஷத்துக்கு 180 நாள் பண்ணை வேலை, பதிலுக்குக் குடிசை போட இடம், சொந்தமாகப் பயிர் செய்ய ஒரு துண்டு, ஆடு மாடு மேய்க்க உரிமை. பண்ணையாள் மாதிரி, ஆனால் சொந்த மந்தை உள்ள பண்ணையாள். 1937 சட்டத்துக்குப் பிறகு பிடி இறுகியது. 180 நாள் பல இடங்களில் 240, 270 ஆனது, மந்தையைக் குறை என்றார்கள். தபிதா கனோகோ என்ற கென்ய வரலாற்றாசிரியர் இதைத் தனி நூலாகவே ஆராய்ந்தார். மௌ மௌவின் வேர் ஒன்று இங்கே இருக்கிறது. 'உழைப்புக்குடி' என்று போட்டு அடிக்குறிப்பு கொடுங்கள். 'ஆக்கிரமிப்பாளர்' என்றால் பண்ணையாரின் வாதத்தை நீங்களே தமிழில் சொல்வதாக ஆகும்.

மாங்குயில்

உழைப்புக்குடி! எடுத்துக்கொண்டேன். நன்றி வேம்பு.

போராளிகள் தங்களை மௌ மௌ என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'இத்தாக்கா நா வியாத்தி' என்றார்கள் என்று படித்தேன். 'நிலமும் விடுதலையும்' என்று மொழிபெயர்த்தேன். சரிதானே?

வேம்பு

இத்தாக்கா நிலம், சரி. வியாத்தியில்தான் வரலாற்றாசிரியர் ஜான் லான்ஸ்டேலின் ஆய்வு முழுக்க நிற்கிறது. கிக்குயு வழக்கில் நிலம் இருந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் ஆள் பெரிய ஆள், பெரிய ஆளுக்குத்தான் சபையில் வாய். நிலமில்லாத வாலிபன் முப்பது வயதானாலும் பையன். பணக்கார உறவினரை அண்டி அவர் நிலத்தில் பயிர் செய்த 'அஹோய்' மக்களை, நிலத்துக்கு விலை ஏறியதும் சொந்த இனத்துப் பெரியவர்களே வெளியேற்றினார்கள். அதனால் இது வெள்ளைக்காரனோடு மட்டும் நடந்த சண்டை அல்ல. யார் மனிதன் என்று தங்களுக்குள்ளேயே நடத்திய வழக்கு. வியாத்தி என்பது 'யாருடைய ஏவலும் இல்லாமல் தன் குடித்தனத்தைத் தானே நடத்துவது' என்பதற்கு நெருக்கம். 'விடுதலை' கொஞ்சம் பெரிய சொல்லாகப் போகிறது.

தோற்றது யார் என்பதும் அதிலேயே இருக்கிறது. முகாமில் இருந்தவன் திரும்பி வந்தபோது நில மறுசீரமைப்பு முடிந்திருந்தது, நல்ல துண்டுகள் அரசு விசுவாசிகளின் பேரில். 1957 தேர்தலில் கிக்குயு பகுதியில் ஓட்டுப்போட விசுவாசச் சான்றிதழ் வேண்டும். சுதந்திரம் வந்த பிறகும் ஆட்சியில் அந்த விசுவாசிகள்தான். சுதந்திர கென்யாவின் முதல் தலைவர் கென்யாட்டாவே மௌ மௌவை ஒழித்துவிட்ட நோய் என்றார், இனி நினைக்கவே கூடாது என்றார். அந்த அமைப்பின் மீதான தடை நீங்கியது 2003-இல்தான்.

நைரோபிவாசி

கிமாத்தி தெருவில் மௌ மௌ படைத் தலைவர் டெடான் கிமாத்தி சிலை 2007 பிப்ரவரி 18-ல வச்சாங்க, அவரைத் தூக்கிலிட்டு சரியா ஐம்பதாவது வருஷம். ஒரு கையில துப்பாக்கி, ஒரு கையில கத்தி. உடம்பை எங்கே புதைச்சாங்கன்னு குடும்பத்துக்கு இன்னும் தெரியாது. அந்த லண்டன் வழக்கு 2013-ல முடிஞ்சது: பாதிக்கப்பட்ட மத்தவங்களையும் சேர்த்து 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு, வழக்குச் செலவும் சேர்த்து. வகுத்தா தலைக்கு 3,800 பவுண்டு வரும், அதுல வக்கீல் பணம் போகணும். அடுத்து 40,000 பேர் போட்ட வழக்கு 2018-ல காலம் கடந்துடுச்சுன்னு தள்ளுபடி.

மாங்குயில்

அடிக்குறிப்பை எழுதிவிட்டேன், பாருங்கள்:

'கொல்லப்பட்ட போராளிகள் என்று அரசு சொன்னது 11,503. ஆண்டர்சனின் மதிப்பீடு 20,000-க்கு மேல். தூக்கிலிடப்பட்டவர்கள் 1,090. முகாம், கிராமம், பட்டினி, நோய் எல்லாம் சேர்த்து வழக்கத்துக்கு மேற்பட்ட சாவுகள் 50,000 என்பது பிளாக்கரின் கணக்கு, அதில் பாதி பத்து வயதுக்குட்பட்டவர்கள். மூலக்கட்டுரையில் உள்ள மூன்று லட்சம், கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு எல்கின்ஸ் தந்த மேல் எல்லை.'

பழைய கணக்கர்

'வரை' என்ற சொல்லையும் போடுங்கள். மற்றபடி கையெழுத்துப் போடுகிறேன்.

நைரோபிவாசி

இன்னிக்கு வேலைக்குப் போறப்போ வண்டி ஓட்டினவர் நியேரிக்காரர், கிக்குயு. வியாத்தின்னா என்னன்னு கேட்டேன். சுதந்திர தினம்னு முதல்ல சொன்னார். கொஞ்ச தூரம் போயிட்டுச் சிரிச்சார். 'பெண்ணு கேட்டப்போ ஒத்துக்கிட்ட ஆட்டுக் கணக்கு இருக்கே, மாமனார்கிட்ட அதைக் கொடுத்து முடிச்சேன் பாருங்க போன வருஷம், அன்னிக்கு வந்ததும் வியாத்திதான்'னார்.

மாங்குயில்

இதை நான் எந்த அடிக்குறிப்பில் சேர்ப்பேன் :) 'தன்குடித்தனம்' என்று வைத்துப் பார்க்கிறேன். ஆசிரியர் அடிப்பார், அடித்தால் இந்த இழையைத்தான் அனுப்புவேன்.